கடலில் போன சேலத்துச் சிப்பாய்க்குக் கல்லறை எங்கே, திதி எந்த நாள்?

கேள்வி இது: "என் அப்பாயியின் அண்ணன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். சண்டையில் கப்பலோடு போய்விட்டார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். எந்த வருடம், எந்தக் கப்பல், ஒன்றும் தெரியாது. அடிவாரத்து வீட்டில் அவருடைய ட்ரங்குப் பெட்டி, மங்கிப்போன ஒரு தந்தி, ஒரு மெடல் இருக்கின்றன. அவருக்கு எங்கேயாவது கல்லறை இருக்கிறதா? திதி கொடுப்பதென்றால் எந்த நாளில் கொடுப்பது?"

முதலில் நேரான பதில். கல்லறை இருக்காது. உடல் கிடைக்காத சிப்பாய்க்குக் கல்லறை வைக்கும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக அவர் பெயரை ஒரு நினைவுச் சுவரில் வெட்டி வைத்திருப்பார்கள். உங்கள் தாத்தாவின் பெயரும் அப்படி ஒரு சுவரில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும், காசு செலவில்லாமல். பெயர் கிடைத்தால் பெரும்பாலும் தேதியும் கிடைக்கும். தேதி கிடைத்தால் திதி கிடைக்கும்.

நான் பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஓமலூர் பக்கம். எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் போனார். அதனால் சில விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வருடம் தெரியாது என்கிறீர்கள். வயதானவர்களிடம் வருடத்தைக் கேட்டால் பதில் வராது. நம் பக்கத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மேட்டூர் டேம் கட்டுவதற்கு முன்னாடியா, கட்டின பிறகா?" அணை வேலை 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் முடிந்தது. முன்னாடி என்றால் முதல் உலகப் போர், பிறகு என்றால் இரண்டாவது. அணையை நேரில் பார்க்காதவர்களுக்குக்கூட அது ஞாபகத்தில் நிற்கும். 'எம்டன் குண்டு போட்ட காலம்' என்று யாராவது சொன்னால் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று சென்னையில் குண்டு போட்டது. பெரியவர்கள் பேச்சில் இந்த இரண்டும் கலந்துபோய்விட்டன. உங்கள் விஷயத்தில் அப்பாயியின் தலைமுறையைக் கணக்குப் பார்த்தால் அது இரண்டாம் உலகப் போராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது மெடல். அது வட்டமா, நட்சத்திரமா என்று பாருங்கள். ஆறு முனை வைத்த பித்தளை நிற நட்சத்திரம் என்றால் நடுவில் வட்டமாக ஆங்கில எழுத்து இருக்கும். பர்மா ஸ்டார் என்றால் பர்மாப் போர்முனை. பசிபிக் ஸ்டார் என்றால் பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர். ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்றால் பெயரே சொல்லிவிடும். வட்டமாக, வெள்ளி மாதிரி, ஒரு பக்கம் ராஜா தலையும் மறுபக்கம் சிங்கமும் இருந்தால் அது போர்க்காலத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த வார் மெடல். அதை வைத்து இடம் சொல்ல முடியாது. எதுவானாலும் விளிம்பைத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். எண் பொறித்திருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம், புளி எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும்.

கடலில் போனார் என்றதும் நேவி என்று முடிவு கட்டிவிட்டுத் தேட ஆரம்பிப்பவர்கள் நிறைய. அங்கேதான் வழி தவறுகிறது. சேலத்துக்காரர்கள் நேவியிலும் சேர்ந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஆள் எடுத்த பட்டாளங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோர், போர் நடுவில் மறுபடி ஆரம்பித்த மெட்ராஸ் ரெஜிமெண்ட், ஆஸ்பத்திரிக் கம்பெனிகள், இப்படி. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, லாரி ஓட்டுவது, மூட்டை இறக்குவது, காயம்பட்டவர்களைத் தூக்குவது எல்லாம் இவர்கள் வேலை. இவர்களில் பலர் கடல் தாண்டித்தான் போனார்கள். அதனால் கடலில் மாண்ட சிப்பாய் என்றால், பெரும்பாலும் கப்பலில் பயணியாக ஏற்றப்பட்ட தரைப்படைக்காரர். இல்லையென்றால் கைதி.

இந்தக் கைதி விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இந்தியப் படையினர் சுமார் 45,000 பேர் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி, வெள்ளைக்கார அதிகாரிகளிடமிருந்து பிரித்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் பலர் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரைக் கூலிப் படையாக நியூ கினி, நியூ பிரிட்டன், போர்னியோ என்று கப்பலில் அடைத்து அனுப்பினார்கள். அந்தக் கப்பல்களில் கைதிகள் இருக்கிறார்கள் என்று காட்டும் அடையாளம் எதுவும் போடவில்லை. நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு அது எதிரியின் சரக்குக் கப்பல். அவ்வளவுதான்.

புயோ மாரு என்று ஒரு கப்பல். 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ அதை மூழ்கடித்தது. அதில் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள், பெரும்பாலும் 16ஆம் பஞ்சாப் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர்கள். 195 இந்தியர்கள் மாண்டார்கள். தங்களுக்காகச் சண்டை போட்டவர்களைத்தான் சுடுகிறோம் என்று அந்த நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இப்படிப் போன கப்பல்கள் இன்னும் பல. ஒரு எச்சரிக்கை: ஏதோ ஒரு கப்பலின் கதையைப் படித்துவிட்டு நம் ஆள் இதில்தான் போயிருப்பார் என்று ஒட்டவைத்துவிடாதீர்கள். எந்தப் பட்டாளம் எந்தக் கப்பலில் ஏறியது என்று தெரிந்த பிறகுதான் கப்பலுக்கு வர வேண்டும். கப்பலிலிருந்து ஆளுக்கு வர முடியாது.

இனி தந்தி. அதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று மிகக் கவனமாகப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். 'மிஸ்ஸிங்' என்று மட்டும் இருந்தால் ஆள் எங்கே என்று தெரியவில்லை என்று பொருள். 'மிஸ்ஸிங் பிலீவ்ட் கில்டு' என்றால் மாண்டிருப்பார் என்று நம்ப ஆதாரம் இருக்கிறது. 'பிரிசியூம்ட்' என்று வந்தால் நாள் கடந்துவிட்டது, வேறு செய்தி இல்லை, மாண்டதாக வைத்துக்கொள்கிறோம் என்று முடிவு. ஒரே ஆளுக்கு இந்த மூன்றும் ஒவ்வொன்றாக வந்திருக்கலாம், வருடக்கணக்கு இடைவெளியில். தந்தியில் இருக்கும் தேதி செய்தி கிளம்பிய தேதி. மாண்ட தேதி அது இல்லை. ஜப்பானியரிடம் கைதியாக இருந்து 1943இல் கடலில் போனவரின் செய்தி, 1945இல் போர் முடிந்து மீந்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தது. தந்தித் தேதியை வைத்துத் திதி கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. என் தாத்தாவின் அண்ணன் 1941இல் சாப்பர்ஸில் சேர்ந்து மலாயாவுக்குப் போனார். கல்யாணமாகி ஒரு வருடம். அவர் மனைவி, எங்கள் பெரிய அப்பாயிக்கு வயது பதினேழு. 1942இல் தந்தி வந்தது, 'மிஸ்ஸிங்' என்று. படித்துச் சொன்ன போஸ்ட்மாஸ்டர் அதைத் தமிழில் "காணோமாம்" என்று சொன்னார். சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் பெரிய அப்பாயி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "ஆடு மாடு காணோம்னாலே தேடிக்கிட்டு வந்துடுது, ஆளு வராமயா போயிடும்" என்பார். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

1946இல் ஆத்தூர் பக்கத்திலிருந்து அவருடைய கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் ஊரை விசாரித்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் இரண்டு பேரும் ஒரே முகாமில் இருந்திருக்கிறார்கள். கப்பலில் ஏற்றிய அன்று இவருக்குக் காய்ச்சல், அதனால் ஏற்றவில்லை. ஏறியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாமல், திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது, பென்ஷனும் வந்தது. பெரிய அப்பாயி விதவைப் பென்ஷனுக்குக் கைநாட்டு வைத்துவிட்டு, கழுத்தில் தாலியோடு, நெற்றியில் பொட்டோடு வீட்டுக்கு வருவார். பணம் கொடுக்கிறவர்கள் ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை என்று என் அப்பா சொல்வார். 1988இல் அவர் இறந்தபோது ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, சுமங்கலியாகத்தான் அனுப்பினார்கள். பங்காளிகளில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பெயர் கிடைத்தது 2009இல். என் அக்கா மகன் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தான். நான் சேலத்தில் உட்கார்ந்து இணையத்தில் தேடி, பெயர் வெட்டியிருக்கும் தூணின் எண்ணைச் சொன்னேன். அவன் ஞாயிற்றுக்கிழமை அங்கே கிராஞ்சியில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போய் அந்தத் தூணைக் கண்டுபிடித்து, பெயருக்குக் கீழே விரலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய அப்பாயி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பெரிய தாத்தாவுக்கு வேறு படம் கிடையாது.

எப்படித் தேடினேன் என்று சொல்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு, 1917இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட காமன்வெல்த் படையினரை நினைவு வைப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டாம் போருக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. பிரிவினைக்கு முந்தைய இந்தியப் படையினர் மட்டும் 87,000 பேருக்கு மேல். அவர்கள் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. ஒருவர் பதிவு கிடைத்தால் எண், ரேங்க், பட்டாளம், தேதி, எந்த நினைவிடம், எந்தத் தூண் என்பது வரும். இந்தியர்களுக்குப் பல இடங்களில் அப்பா பெயர், அம்மா பெயர், மனைவி பெயர், ஊர், தாலுகாகூட இருக்கும். அந்த வரிதான் நமக்குப் பொன்.

பெயரை நீங்கள் நினைக்கிற மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள். ஆள் எடுத்த இடத்தில் எழுதிய குமாஸ்தா தமிழ்க்காரராக இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆறுமுகம் ஒரு எழுத்துக் குறைந்திருக்கும். குப்புசாமியும் கோவிந்தசாமியும் நாலு விதத்தில் இருப்பார்கள். இனிஷியல் முன்னால் இல்லாமல் பின்னால் போயிருக்கும், இல்லை மொத்தமாக விட்டுப்போயிருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் 'சேலம்' என்று போட்டு, நாடு, போர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பட்டியல் நீளமாக வரும். ஒவ்வொன்றாகப் படியுங்கள். அப்பா பெயரில் நிற்பீர்கள். சேலத்தையும் ஏற்காட்டையும் ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அன்றைக்கு நீங்கள் எல்லோரும் சேலம் ஜில்லா. தர்மபுரி பிரிந்தது 1965இல்தான், நாமக்கல் அதற்கும் முப்பது வருடம் கழித்து. உங்கள் வீட்டு ஆளும் 'சேலம்' என்றுதான் பதிவாகியிருப்பார்.

எந்தச் சுவர் என்பது எங்கே மாண்டார் என்பதைப் பொறுத்தது. மலாயா, சிங்கப்பூர், இந்தோனேசியா பக்கமும், கைதியாகக் கடலில் போனவர்களும் என்றால் சிங்கப்பூர் நினைவிடம். நகரத்துக்கு வடக்கே கிராஞ்சியில் ஒரு மேட்டின்மேல் விமான இறக்கை மாதிரி விரிந்த கூரையும் அதைத் தாங்கும் அகலமான தூண்களுமாக இருக்கிறது. 1957 மார்ச்சில் திறந்தார்கள். 24,000 பெயர்களுக்கு மேல். எம்ஆர்டியில் கிராஞ்சி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். ஒரு லீவு நாளில் அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பர்மாப் போர்முனை என்றால் யாங்கூனுக்கு வெளியே தவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவிடம், ஏறக்குறைய 27,000 பெயர்கள். நேவிக்காரர், வணிகக் கப்பல் மாலுமி என்றால் மும்பை நினைவிடம். அங்கே 6,400 பேருக்கு மேல் பதிவாகியிருக்கிறார்கள். அதே பட்டியல் பங்களாதேஷில் சிட்டகாங்கிலும் இருக்கிறது. மாண்டவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்களாக இருந்தாலும் அவர்கள் வீட்டார் எல்லை தாண்டாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் வைத்தார்கள்.

முதல் உலகப் போர் என்றால் நிலைமை வேறு, அதைச் சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஈராக்கில் பஸ்ரா நினைவிடத்தில் 40,000 பேருக்கு மேல். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரண சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். எல்லோரையும் சமமாக நினைவு வைப்போம் என்று சொல்லித் தொடங்கிய ஆணையம் அது. 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு இந்தத் தவறை ஒப்புக்கொண்டது. விடுபட்டவர்களை ஆதாரம் காட்டிச் சேர்க்க இப்போது வழி இருக்கிறது. எழுத்துப் பிழையையும் திருத்தக் கேட்கலாம். உங்கள் தாத்தா பெயர் பட்டியலில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். தந்தியின் நகல், மெடலின் படம், எண், இவற்றோடு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

இந்தியாவில் போக வேண்டிய இடங்கள். சேலத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் விவரம் சொன்னால் எந்த ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவது என்று வழி காட்டுவார்கள். சாப்பர்ஸ், பயனியர் கோர் இரண்டுக்கும் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்குக் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன். ஒரு சிப்பாயின் முழுச் சரித்திரம் 'ஷீட் ரோல்' என்ற தாளில் இருக்கும். அவ்வளவு பழைய ஷீட் ரோல் கிடைப்பது அரிது. 'லாங் ரோல்' என்ற பெரிய பேரேட்டில் ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு வரிதான், ஆனால் அதில் எண், சேர்ந்த நாள், பட்டியலிலிருந்து பெயரைக் கழித்த நாள், காரணம் இருக்கும். கடிதத்தில் கதை எழுதாதீர்கள். எண், பெயர், அப்பா பெயர், ஊர், பழைய தாலுகா, பட்டாளம், இவற்றை மட்டும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு குடும்பம் தேடிக் கொடுக்கிறேன் என்று சொன்ன ஓர் இடைத்தரகருக்குப் பல ஆயிரம் கொடுத்து, கடைசியில் அதே இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தது. கொடுக்காதீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கடலில் போனவர்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய வீட்டார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 1971 டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரியைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார். அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். தியூவில் கடலைப் பார்த்த மேட்டில் அந்தக் கப்பலின் சின்ன உருவத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு மாண்டவர்கள் பெயர்கள் இருக்கின்றன.

சரி, திதிக்கு வருவோம்.

ஒரே தேதி கிடைத்துவிட்டால் வேலை சுலபம். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் ஆங்கிலத் தேதியை வைத்துத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று பார்த்துக்கொள்ளலாம். நூறு வருடப் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கடலில் போனவர்களுக்குப் பல சமயம் ஒரே தேதி இருக்காது. இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவே என்று இரண்டு தேதி போட்டிருக்கும். எங்கள் பெரிய தாத்தாவுக்கு அப்படித்தான், 1944இல் இரண்டு தேதிகள். அப்படியானால் அமாவாசைதான் வழி. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றில் எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. மகாளய பட்சத்தில் அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியை ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள், அதையும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போகிறோம். மேட்டூரிலும் செய்யலாம். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால், வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணை நீர் தூரத்தில் மினுங்கும். மலையிலிருந்து இறங்கிப் போன உங்கள் தாத்தா அதற்குமுன் பார்த்திருக்கக்கூடிய பெரிய தண்ணீர் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதனால் எனக்கென்னவோ உங்களுக்கு மேட்டூர்தான் பொருத்தம் என்று படுகிறது.

உங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கலாம்: அவர் அப்பாயி பிறந்த வீட்டு ஆள், நாம் கொடுக்கலாமா என்று. முதல் உரிமை அவருடைய பங்காளிகளுக்கு. அப்பாயி பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், கூப்பிடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் நீங்கள் தாராளமாகச் செய்யலாம். தர்ப்பணத்தில் தகப்பன் வழி, தாய் வழி போக, உறவில் மாண்ட மற்றவர்களுக்கென்று காருணீக பித்ருக்கள் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடலாம். தர்ப்பண வழக்கம் இல்லாத வீடு என்றால் படையல் போதும். இலை போட்டு, அவருக்குப் பிடித்தது என்று அப்பாயி ஏதாவது சொல்லியிருந்தால் அதை வைத்துக் கும்பிடுங்கள்.

ஏற்காட்டிலும் சேலத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று சொந்தக் கல்லறை இல்லாதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். முஸ்லிம் வீடுகளில், தண்ணீரில் மூழ்கி மாண்டவரை ஷஹீத் வரிசையில் வைத்து துஆ செய்வது மரபு.

கல் ஒன்று வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வையுங்கள் என்றுதான் சொல்வேன். பழைய சேலம் ஜில்லா, அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி உட்பட்ட நிலம், தமிழ்நாட்டில் நடுகல் மிக அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று. ஆநிரை மீட்கப் போய் எங்கோ விழுந்தவனுக்கு ஊரில் கல் நட்டார்கள். அந்தக் கல்லுக்கு அடியில் உடல் இருக்க வேண்டியதில்லை. பெயரும் அவன் செய்ததும் கல்லில் இருந்தால் போதும். அவற்றில் பல இன்றைக்கும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கல் நடுவதற்குச் சொன்ன பழைய முறையில், கல்லைத் தேர்ந்து எடுத்து வந்த பிறகு அதை நீரில் கிடத்துவது ஒரு படி. நீர்ப்படை என்று பெயர். எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் வைத்த கல்லை நாங்கள் முதலில் மேட்டூரிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம். அதில் வீட்டில் கூப்பிட்ட பெயர், பட்டாளத்துப் பதிவில் இருக்கும் பெயர், எண், பட்டாளம், சிங்கப்பூர்த் தூணின் எண், இவ்வளவும் வெட்டியிருக்கிறோம். கீழே பெரிய அப்பாயி பெயர். சிங்கப்பூரில் அவர் பெயர் இல்லை, அதனால் இங்கே வைத்தோம்.

உங்களுக்கு இப்போது முதல் வேலை அந்த ட்ரங்குப் பெட்டி. பட்டாளத்துக்காரர்கள் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எண், பெயர், பட்டாளம் எழுதி வைப்பது வழக்கம். பின்னால் யாராவது பச்சையோ நீலமோ பூசியிருப்பார்கள். சுரண்ட வேண்டாம். இருட்டு அறையில் வைத்து, டார்ச்சை மூடிக்கு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து அடியுங்கள். பெயிண்ட்டுக்குக் கீழே எழுத்து மேடாக இருந்தால் நிழல் விழும். மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். எண் கிடைத்ததும் எழுதுங்கள், மீதியை நாம் சேர்ந்து தேடலாம்.